அப்பாட கழுத்து நாடிக்குழாய்க்கு ஸ்டென்ட் வச்ச கதை: நம்மட பக்கத்து ஆக்களுக்கு ஒரு ரிவியூ

நான் வழமையா ரிவியூ எழுதுறது ரைஸ் குக்கருக்கும் கல்முனைப் பக்கத்துப் புடவைக் கடைகளுக்கும்தான். ஸ்டென்ட் எண்டது ரத்தக்குழாய்க்குள்ள வைக்கிற கம்பி வலை, அப்படியான சாமான் இல்ல. ஆனா கான்சர் வைத்தியத்துக்குப் பிறகு அப்பாட கழுத்தில தலைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் வெடிச்ச நேரம் விடிய விடிய போனில தமிழில தேடிப் பார்த்தன், ஒண்டும் ஒழுங்கா கிடைக்கல்ல, கிடைச்சதெல்லாம் இங்கிலீசில டொக்டர்மார் டொக்டர்மாருக்கு எழுதினது. அதால எழுதுறன். ஆஸ்பத்திரிப் பேர் ஒண்டும் போட மாட்டன், நல்லதுக்கும் இல்ல கெட்டதுக்கும் இல்ல, இன்பொக்ஸ்ல வந்து கேக்காதீங்க.

அப்பா படுவான்கரை ஆள், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால வட்டைக்குள்ள, அதான் வயல்வெளியில, முப்பது வருசமா வயல் பார்க்கிற முல்லைக்காரனா நிண்டவர். வாயில வெத்திலை இல்லாம அவரை நான் பார்த்தது அம்மன் கோயில் சடங்குக்கு விரதம் பிடிக்கிற நாளையில மட்டும்தான். நாக்குப் பக்கத்தில புண் வந்து, அது ஆறாம கிடந்து, வெட்டிச் சோதிச்சா கான்சர். இலங்கையில ஆம்பிளையளுக்கு ஆகக் கூட வாறது வாய்க் கான்சர்தானாம், வட்டை வாடிகள்ல போய்ப் பார்த்தா அது ஏனெண்டு விளங்கும். நாக்கில ஒரு துண்டை எடுத்து, வலப் பக்கக் கழுத்தில நெறிக்கட்டியெல்லாம் வழிச்சு எடுத்து, மறுகா 33 தரம் கரண்ட், அதான் கதிர்ச் சிகிச்சை, பிடிச்சது. அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. கரண்ட் முடிஞ்ச பிறகு கழுத்துத் தோல் காய்ஞ்ச மாட்டுத்தோல் மாதிரி இறுகி, எச்சில் வத்தி, சோறு இறங்காம கஞ்சியும் பாலும்தான் சாப்பாடு. ஒரு வருசம் தாண்டி வெட்டின தழும்புக்குப் பக்கத்தில சின்னதா ஒரு ஓட்டை விழுந்து எச்சில் கசியத் தொடங்கினது. நாங்களும் துணி வச்சுக் கட்டிக் கட்டி அதைப் பழகிட்டம். பழகினதுதான் பிழை.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன், மிச்சத்தை வாசிக்கப் பஞ்சியெண்டா இதை மட்டுமாவது வாசிங்க.

ஒரு நாள் விடியச்சாமம் அப்பாட தலையணையில ரத்தம். அரைக் கோப்பை இருக்கும், பளிச்செண்ட சிவப்பு. நாங்க எழும்பி லைட் போட்டுப் பார்க்க அது தானா நிண்டிட்டு. அவரும் "ஒண்டுமில்ல புள்ள, தொண்டைப் புண்ணு" எண்டு கையால காட்டிட்டுப் படுத்திட்டார். விடிஞ்சதும் கிட்ட இருக்கிற ஒரு இடத்தில கொண்டு போய்க் காட்டினம். வாயை டோர்ச் அடிச்சுப் பார்த்து, கரண்ட் பிடிச்ச புண்ணில இப்படித்தான் கசியும் எண்டு சொல்லி, ரத்தம் நிக்கிற குளிசையும் கழுவுற மருந்தும் தந்து வீட்டுக்கு அனுப்பினாங்க. அங்க பார்த்த பொடியனை நான் குறை சொல்லல்ல, நிண்டு போன ரத்தத்தைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும். ஆனா கழுத்தில கான்சர் ஒப்பரேஷனும் செஞ்சு கரண்டும் பிடிச்ச ஒருத்தருக்கு வாயால, மூக்கால, இல்லாட்டி கழுத்து ஓட்டையால திடீரெண்டு ரத்தம் வந்து தானா நிண்டா அது புண் ரத்தமா இருக்கலாம், தலைக்குப் போற பெரிய நாடிக்குழாய் வெடிக்கப் போகுதெண்டு தாற முன்னறிவிப்பாவும் இருக்கலாம். எது எண்டு டோர்ச் அடிச்சுச் சொல்ல ஏலாது, ஸ்கேன்தான் சொல்லும். இதை எங்களுக்கு ஒருத்தரும் முதலே சொல்லித் தரல்ல. இந்த ரிவியூல நான் வெட்டுற முதல் ஸ்டார் அதுக்குத்தான். கரண்ட் முடிஞ்சு வீட்டுக்கு விடக்குள்ள என்ன சாப்பிடுற, எப்படி வாய் கொப்பளிக்கிற எண்டு ஒரு தாள் தந்தாங்க, அதில இந்த ஒரு வரி இல்ல.

ரெண்டாம் நாள் பின்னேரம் அம்மா கத்தின சத்தத்தில நான் குசினிக்குள்ள இருந்து ஓடி வாறன், அப்பா கதிரையில, கழுத்தால பீச்சுது. பீச்சுது எண்டா உண்மையாவே பீச்சினது, சுவரெல்லாம். மாமாட மகன் அந்த நேரம் வாசல்ல மோட்டச்சைக்கிள் கழுவிட்டு நிண்டவன், பாஞ்சு வந்து தோளில கிடந்த துவாயை அந்த இடத்தில வச்சு அமத்திப் பிடிச்சான் பாருங்க, அதுதான் அப்பா இண்டைக்கு இருக்கிறதுக்குக் காரணம், பிறகு வந்த டொக்டர்மார் எல்லாரும் சொன்னது அதைத்தான். கையை எடுத்து எடுத்துப் பார்க்கப்படாது, எடுக்காம அமத்து, ரத்தம் வாற பக்கமா ஆளைச் சரிச்சு வை, அப்பதான் ரத்தம் சுவாசத்துக்குள்ள இறங்காது. 1990 அம்புலன்சுக்கு அடிச்சம். சுவசெரிய காசில்லாத சேவை, வந்த ரெண்டு பேரும் தங்கமான பொடியன்மார், ஒருத்தன் மச்சான்ட கையை மாத்திப் பிடிச்சு அப்படியே வண்டிக்குள்ள ஏத்தி, மண்முனைப் பாலம் தாண்டி எழுவான்கரைக்குக் கொண்டு வந்து சேர்க்கும் வரைக்கும் கையை எடுக்கவே இல்ல. முந்தி மாதிரி படகுப் பாதைக்குக் காத்துக் கிடக்கிற காலமெண்டா அண்டைக்கே முடிஞ்சிருக்கும். அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார், அதுக்கு மேல இருந்தா அதையும் குடுப்பன்.

ஆஸ்பத்திரியில முதல் செஞ்சது தொண்டையில குழாய் வச்சு மூச்சுப் பாதையைக் காப்பாத்தினது, மறுகா ரத்தம் ஏத்தினது. ஊர்ப் பொடியன்மார் ரெண்டு லேண்ட்மாஸ்டர் மெசின் நிறைய ஏறி ரத்தம் குடுக்க வந்து நிண்டாங்க, செக்கியூரிட்டி பயந்து போனார். நரம்பில மருந்து ஏத்தி எடுக்கிற சீற்றீ ஸ்கேன்ல பார்த்தா கழுத்து நாடி ரெண்டாப் பிரியிற இடத்தில சுவர் பிஞ்சு பலூன் மாதிரி ஒரு பொக்குளம். மேல பொருக்குக் கட்டி நிக்குது, அவ்வளவுதான். எப்பவும் திரும்ப வெடிக்கலாம்.

இது ஏன் வருது எண்டதை மறுகா கொழும்பில விளங்கப்படுத்தினாங்க, எனக்கு விளங்கின மாதிரிச் சொல்றன். இந்தப் பெரிய குழாயின்ட சுவருக்கே சாப்பாடு குடுக்க மயிர் மாதிரி மெல்லிய குழாய்கள் சுவரின்ட வெளிப்பக்கம் ஓடுதாம். கரண்ட் கான்சரை எரிக்கக்குள்ள அந்த மெல்லிய குழாய்களையும் அடைச்சுப் போடும். குளத்துக்கட்டுக்கு வருசா வருசம் மண் போட ஆளில்லாமப் போனா என்ன நடக்கும், அதுதான். அதோட நெறிக்கட்டி எடுக்கக்குள்ள குழாயைச் சுத்தி இருந்த சதையும் போயிட்டு, அங்கால ஓட்டையால எச்சில் போய் அதில ஊறிக் கொண்டே இருந்திருக்கு, கிருமியும் சேர்ந்திருக்கு, ஆளும் சாப்பாடில்லாம மெலிஞ்சு போயிட்டார். இப்படி ஒவ்வொண்டா வந்து சேரச் சேர வெடிக்கிற ஆபத்துக் கூடும். தலை கழுத்துக் கான்சருக்கு ஒப்பரேஷன் செஞ்ச ஆக்கள்ல நூத்துக்கு மூணு நாலு பேருக்குத்தான் இது வாறதாம், கரண்டும் பிடிச்சிருந்தா அந்தச் சந்தர்ப்பம் ஏழெட்டு மடங்கு கூடுமாம். பயந்து போய் கரண்ட் பிடிக்காம விட்டுடாதீங்க, அப்பாட கான்சரைக் கட்டுப்படுத்தினதும் அதேதான். தெரிஞ்சு வச்சிருங்க எண்டுதான் சொல்ல வாறன்.

கழுத்தை வெட்டித் திறந்து குழாயைக் கட்டி விடுறதுதான் பழைய முறையாம். கரண்ட் பிடிச்ச கழுத்தில அது சரியான கஸ்டம், தையல் நிக்காது, தோல் ஆறாது, நிறையப் பேருக்கு உயிர் போகும், தப்பினாலும் பாரிசவாதம். அதால உள்ளால போய்ச் செய்ற முறைக்கு அனுப்பினாங்க. அதுக்கான டொக்டரும் மெசினும் கொழும்பில. மட்டக்களப்பில இருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல, அம்புலன்ஸ்ல புணானை தாண்டி மன்னம்பிட்டிப் பாலம் தாண்டி ராவோட ராவா போன பயணத்தைப் பத்தி எழுத எனக்கு மனசில்ல. ஒவ்வொரு ஹம்புக்கும் நான் அப்பாட கழுத்தைத்தான் பார்த்துக் கொண்டு போனன்.

இப்பத்தான் உண்மையான ரிவியூ.

டொக்டர் சிங்கள ஆள், தமிழ் ரெண்டு சொல்தான் தெரியும். ஆனா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து குழாயைக் கீறி அம்மாவையும் என்னையும் இருத்தி வச்சு அரை மணித்தியாலம் கதைச்சார். மொழிபெயர்த்தது அக்கரைப்பற்றுப் புள்ள ஒண்டு, நேர்ஸ், "அக்கா பயப்புடாதீங்க, டொக்டர் சொல்றதை அப்படியே சொல்றன்" எண்டு சொல்லி ஒரு சொல்லும் விடாமச் சொன்னா. அந்தப் புள்ள இல்லாட்டி நாங்க எங்க கையெழுத்து வைக்கிற எண்டே தெரியாம வச்சிருப்பம். அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் எண்டா இதுதான், ஸ்டென்டை விட முதல் மொழிபெயர்க்கிற ஆள் வேணும்.

அவர் சொன்னது ரெண்டு வழி. ஒண்டு, கெட்டுப் போன குழாயை உள்ளால சுருள் கம்பி போட்டு அடியோட அடைச்சு விடுறது. அடைச்சா திரும்ப வெடிக்கிறது குறைவு, ஆனா மூளைக்கு அந்தப் பக்கத்தால ரத்தம் போகாது, மத்தப் பக்கத்துக் குழாய் ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஓட வேணும். ஓடுமா எண்டு பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கு. ஆள் முழிப்போட இருக்க, குழாய்க்குள்ள குட்டி பலூன் ஒண்டை ஊதி அரை மணித்தியாலம் போல அடைச்சு வச்சு, கையைத் தூக்கு, காலை ஆட்டு, விரலை இறுக்கிப் பிடி எண்டு சொல்லிப் பார்ப்பாங்க. அந்த டெஸ்ட் சரியா வந்தாலும் பிறகு பாரிசவாதம் வராதெண்டு முழு உத்தரவாதம் இல்லயாம். ரெண்டாவது வழி, குழாயை மூடாம, உள்ள சேர்ட் கை மாதிரி ஒண்டைப் போடுறது, அதுதான் ஸ்டென்ட். கம்பி வலை, அதுக்கு மேல டெஃப்லோன் வகைத் துணி போர்த்திருக்கும். பிஞ்ச இடத்தை உள்ளால மூடிடும், ரத்தம் வழமை போல மூளைக்குப் போகும். குறை என்னெண்டா அந்த இடம் ஏற்கெனவே கிருமியும் எச்சிலும் உள்ள இடம், அதுக்குள்ள வெளிச் சாமான் வைக்கிறம், கிருமி பிடிக்கலாம், அடைபடலாம், கொஞ்ச மாசத்தில திரும்ப ரத்தம் வரலாம்.

அப்ப நான் கேட்டன், இதில சுகமாக்கிற வழி எது எண்டு. அந்தப் புள்ள கொஞ்ச நேரம் டொக்டரைப் பார்த்துட்டுத்தான் சொன்னா, "ரெண்டும் காலம் வாங்கித் தாறதுதான் அக்கா. எவ்வளவு காலமெண்டு அவராலயும் சொல்ல ஏலாதாம்." காசைக் கட்டுறதுக்கு முதல் இப்படிச் சொன்ன ஆளுக்கு நான் எத்தனை ஸ்டாரும் குடுப்பன். விக்கிற எந்தக் கடைக்காரன் இப்படிச் சொல்லுவான்.

டெஸ்ட்ல அப்பா தோத்திட்டார். பலூன் ஊதிக் கொஞ்ச நேரத்திலயே இடக்கையை இறுக்க ஏலாமப் போய்ட்டாம், உடனே பலூனை இறக்க கை திரும்ப வந்திட்டு. அதனால ஸ்டென்ட்தான் எண்டு முடிவு. தொடையடியில சின்னதா ஒரு துளை, பென்சில் மொத்தம் கூட இல்ல, அதால வயரை விட்டு நெஞ்சு தாண்டிக் கழுத்துக்குப் போய், முதல் வெளிக் கிளைக் குழாயைச் சுருள் கம்பியால அடைச்சிருக்காங்க, இல்லாட்டி அதால ரத்தம் பின்னுக்கு வந்து பொக்குளத்தைத் திரும்ப நிரப்பிடுமாம். மறுகா ஸ்டென்டை வச்சு விரிச்சு, மருந்து அடிச்சுப் படம் எடுத்துப் பார்த்தா பொக்குளத்துக்குள்ள ஒண்டும் போகல்ல. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. வெளிய வந்து முன்னப் பின்ன ரெண்டு படத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுக் காட்டினார். எனக்கு டொக்டர் படிப்பு இல்ல, ஆனா அந்த வித்தியாசம் மாடு மேய்க்கிறவனுக்கும் விளங்கும், முதல் படத்தில குழாய்ப் பக்கத்தில கொய்யாக்காய் மாதிரி ஒண்டு தொங்குது, அடுத்ததில இல்ல.

அண்டைக்கு முழுக்க காலை மடக்காமப் படுக்க வேணும், அதுதான் அப்பாக்கு ஆகக் கஸ்டமா இருந்தது. கையைக் காலை நேர்ஸ்மார் மணிக்கு மணி ஆட்டச் சொல்லிப் பார்த்தாங்க. நாலாம் நாள் எழும்பி நடந்தார். மறுகா ஓட்டையை மூட நெஞ்சில இருந்து சதையெடுத்து ஒரு ஒப்பரேஷன், அது இன்னொரு சோலி. அதைச் செய்யாம ஸ்டென்டை மட்டும் வச்சிட்டு வந்திருந்தா எச்சில் திரும்பவும் அதிலதானே ஊறும், அதால உங்களுக்கும் சொன்னா தட்டிக் கழிக்காதீங்க. வயித்தில டியூப் வச்சுச் சாப்பாடு குடுக்கிறதும் அதே காரணத்துக்குத்தான், வாயால விழுங்காம புண் ஆறட்டும், உடம்பிலயும் கொஞ்சம் சதை பிடிக்கட்டும் எண்டு. சத்துமாவைக் கரைச்சு வடிச்சு அம்மா அந்த டியூபால குடுக்கிற ஒழுங்கைப் பார்த்தா நேர்ஸ்மார் தோத்துப் போவாங்க.

விலை. நாங்க போனது பிரைவேட்டுக்கு, அவசரத்தில கட்டில் கிடைச்சது அங்கதான். தொகையை எழுதல்ல, டொலர் ஏறி இறங்க அதுவும் மாறும். இலட்சக் கணக்குத்தான், பில்லை விரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஸ்டென்ட் எண்ட அந்தச் சாமானுக்குத்தான் போகுது, டொக்டர் காசு இல்ல. ரெண்டு ஏக்கர் ஈடு வச்சம். ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், இப்ப பிரதேச செயலகத்திலயே குடுக்கலாம், ஆனா எல்லாக் கடதாசியையும் பத்திரமா வச்சிருங்க. நான் ஒரு ரிசீட்டைத் துலைச்சிட்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சரியில்லாததையும் சொல்லத்தானே வேணும். நோயாளியோட நிக்கிற ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதுவும் ஒரு கால் ஆடுறது, நாலு ராத்திரி அதிலதான். கன்டீன்ல தேத்தண்ணிக்கு வாங்குற காசுக்கு இஞ்ச ரெண்டு சாப்பாடு எடுக்கலாம். வீட்டுக்கு விடக்குள்ள தந்த தாள் முழுக்க இங்கிலீசு. அதில உள்ள ஆகப் பெரிய விசயம், அஸ்பிரினும் குளோபிடோகிரலும் ஒரு நாளும் விடப்படாது எண்டது. ரத்தம் வந்து செத்துப் பிழைச்ச ஒருத்தருக்கு ரத்தத்தை இளக்கிற குளிசை குடுக்கிறாங்களே எண்டு அம்மா ஒரு கிழமை ஒளிச்சு வச்சிட்டா. நான் கண்டுபிடிச்சு ஓடிப் போய்க் கேட்டா, ஸ்டென்டுக்குள்ள ரத்தம் கட்டிப் பட்டா மூளைக்கு அடைப்புப் போகும், அதுக்குத்தான் இது எண்டாங்க. அந்த ஒரு கிழமை ஒண்டும் நடக்காதது அம்மனின்ட புண்ணியம். பல்லுப் புடுங்கப் போனாலும் நீங்களா நிப்பாட்டப்படாது, வச்ச டொக்டரைக் கேட்டுத்தான். இந்த ஒண்டை மட்டும் தமிழில எழுதித் தந்திருந்தா என்னவாம்.

இன்னொரு விசயம், இதை எழுதுறதா வேணாமா எண்டு ரெண்டு நாள் யோசிச்சன். பக்கத்துக் கட்டில்ல திருக்கோவில் பக்கத்து ஐயா ஒருத்தர், அவருக்கும் இதே வருத்தம், ஆனா கான்சர் திரும்ப வந்து நெஞ்சுக்கும் போயிட்டு. அவர்ட புள்ளைகள் ஸ்டென்ட் வைக்க வேணாம், வீட்ட கொண்டு போறம் எண்டு முடிவெடுத்தாங்க. சிலபேர் அதுக்குக் கதை கதைச்சாங்க, புள்ளைகள் கைவிட்டிட்டாங்க எண்டு. கைவிடுறதில்ல அது. வலியில்லாம வச்சிருக்க மருந்தும், ரத்தம் வந்தா மயக்கத்தில வச்சிருக்கிற ஊசியும், என்ன செய்ற எண்டு வீட்டு ஆக்களுக்குச் சொல்லிக் குடுத்ததும் எல்லாம் ஒழுங்காச் செஞ்சுதான் அனுப்பினாங்க. ஒரு நேர்ஸ் அந்த ஐயாட மகளிட்ட சொன்னா, கடும் நிறத்தில துவாய் நாலஞ்சு வாங்கி வைங்க, வெள்ளை வேணாம், சிவப்பு வெள்ளையில தெரிஞ்சா அவரும் பயப்புடுவார் பார்க்கிற நீங்களும் பயப்புடுவீங்க எண்டு. நானும் அதைக் கேட்டுட்டு வாற வழியில கடும் நீலத்தில ஆறு வாங்கினன்.

அப்பாக்கு ஏழு மாசம் முடியுது. கதை வராது, சிலேட்டுப் பலகையில எழுதிக் காட்டுவார், ஆகக் கூட எழுதுறது "வரம்பு கட்டினாங்களா" எண்டுதான். மூணாம் மாசத்து ஸ்கேன்ல ஸ்டென்ட் திறந்து நல்லா ஓடுது, கிருமி இல்ல எண்டாங்க. அடுத்த ஸ்கேன் வாற மாசம். துவாய் ஆறும் கட்டில் கம்பியில தொங்குது, ஒருக்காவும் பாவிக்கல்ல, ஆனா அம்மா வெள்ளிக்கு வெள்ளி எல்லாத்தையும் தோய்ச்சுக் காய வச்சுத் திரும்பப் போடுறா.

ஸ்டார் கணக்குக் கேப்பீங்க. செஞ்ச வேலைக்கு அஞ்சு, விளங்கப்படுத்தினதுக்கு அஞ்சு, அதில பாதி அந்த அக்கரைப்பற்றுப் புள்ளைக்கு. வீட்டுக்கு விடக்குள்ள தந்த தாளுக்கு ஒண்டு. கதிரைக்கு ஒண்டுமில்ல. ஸ்கேன் எடுத்துட்டு வந்து கீழ ஒரு வரி சேர்க்கிறன்.